வில்லங்கமான வாடிக்கையாளரும் ஒரு பன்னிரண்டணா தபால்தலையும்

போன வருஷ காலேஜ் ஃபீஸில் ஒரு பகுதியை நானே கட்டினேன் என்றால் என் வகுப்பில் பாதிப்பேர் சிரிப்பார்கள். மீதிப்பேர் "எந்தக் கடையில் டீ கிளாஸ் கழுவினே?" என்று கேட்பார்கள். அப்படியெல்லாம் இல்லை மக்களே. ரயில்வேயில் வேலை பார்த்த என் பெரியப்பா முப்பது வருஷம் தபால்தலை சேர்த்தார். அவர் போன பிறகு ஆல்பங்கள் என் கைக்கு வந்தன. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை எல்லாம் இணைய ஏலத்தில் ஒவ்வொன்றாக விற்றேன்.

தபால்தலை விற்பது சுலபம், வாங்குகிற ஆளைச் சமாளிப்பதுதான் கஷ்டம் என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போது பாதிதான் நம்புகிறேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன், அதில் என் மானம் கொஞ்சம் போகும். :-)

முதலில் ஒரு பழைய கதை. 1995-ல் பியர் ஓமிட்யார் என்பவர் அமெரிக்காவில் ஒரு இணைய ஏலத் தளம் ஆரம்பித்தார். அதுதான் பிற்பாடு ஈபே ஆனது. அதில் முதலில் விற்ற பொருள் ஒரு உடைந்த லேசர் பாயிண்டர். விலை 14.83 டாலர். "உடைந்தது என்று தெரிந்துதான் கேட்டீர்களா?" என்று இவர் விசாரித்ததற்கு, "நான் உடைந்த லேசர் பாயிண்டர்களைத்தான் சேகரிக்கிறேன்" என்று பதில் வந்ததாம். எனக்கு இதில் பிடித்தது வாங்கினவரின் விநோதம் இல்லை. விற்றவர் "உடைந்தது" என்று முதலிலேயே எழுதியிருந்தார், பணம் கைக்கு வரும் முன் இன்னொரு முறையும் கேட்டார். தகராறே இல்லை. உடைந்த சாமானுக்கும் ஆள் உண்டு, உடைந்தது என்று சொல்லிவிட்டால்.

சரி, வில்லங்கமான ஆட்கள் எத்தனை வகை? எனக்கு வாய்த்தவர்களை வைத்துச் சொல்கிறேன்.

1. கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்

கடைசி நிமிஷத்தில் விலையை ஏற்று ஏற்று என்று ஏற்றி, ஜெயித்தபின் ஆளே இருக்கமாட்டார். பொருளாதாரத்தில் இதை ஒட்டி "ஜெயித்தவரின் சாபம்" என்று ஒரு பாடம் உண்டு. ஏலத்தில் ஜெயிப்பவர் பெரும்பாலும் அந்தப் பொருளை மற்ற எல்லாரையும் விட அதிகமாக மதிப்புப் போட்டவர். விடிந்ததும் அது அவருக்கே உறைக்கிறது. ஓடிவிடுகிறார். இவரைத் துரத்தித் திட்டுவதில் பிரயோஜனம் இல்லை. "நான்கு நாளில் பணம்" என்று முதலிலேயே எழுதிவிட வேண்டும். ஒரே ஒரு முறை நினைவூட்டல். அப்புறம் அடுத்தபடியாகக் கேட்டவருக்கு அவர் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

2. பாதிக் காசு கேட்கிறவர்

பொருள் கிடைத்ததும், "ஓரம் மடங்கியிருக்கிறது, முந்நூறு ரூபாய் திருப்பி அனுப்பினால் வைத்துக்கொள்கிறேன்" என்பார். நிஜமாகவே மடங்கியிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இதற்கு நான் கண்ட ஒரே மருந்து: "ஐயா, பொருளைத் திருப்பி அனுப்புங்கள், முழுப் பணமும் தருகிறேன், தபால் செலவும் என்னுடையது." நிஜமான குறை உள்ளவர் அனுப்பிவிடுவார். பேரம் பேச வந்தவர் "பரவாயில்லை தம்பி, இருக்கட்டும்" என்று முடித்துக்கொள்வார்.

3. மாற்றி அனுப்புகிறவர்

நல்லதை வைத்துக்கொண்டு தன்னிடம் உள்ள மட்டமானதைத் திருப்பி அனுப்புவது. இதற்குத் தபால்தலையே சாட்சி சொல்லும். முத்திரை குத்தப்பட்ட தலை என்றால் அந்த முத்திரை விழுந்த இடமும் சாய்வும் கைரேகை மாதிரி, இன்னொன்றில் அச்சு அசலாக அப்படியே விழாது. முத்திரை இல்லாததற்கு ஓரத்துப் பற்கள் இருக்கின்றன. எந்தப் பல் குட்டை, படம் எந்தப் பக்கம் தள்ளி அச்சாகியிருக்கிறது என்று ஸ்கேனில் தெரியும். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் பெரிய அளவில் ஸ்கேன் செய்து ஏலத்திலேயே போட்டுவிட்டால், மாற்றி அனுப்பும் எண்ணம் பெரும்பாலும் முளைக்கவே முளைக்காது.

4. "கிஃப்ட் என்று போட்டு அனுப்பு" என்கிறவர்

வெளிநாட்டிலிருந்து கேட்பார்கள். சுங்கச் சீட்டில் விலையைக் குறைத்துக் காட்டச் சொல்வார்கள். பொய் எழுதிக் கையெழுத்துப் போடுவது நாம், அவர் இல்லை. பழைய நாணயம் விற்பவர்கள் இதில் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய நாணயம் தொல்பொருள். தனி ஆள் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. வாடிக்கையாளர் மனசு நோகுமே என்று பார்த்தால் நாம்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

5. வாங்குகிறவர் மாதிரி வேஷம் போட்டவர்

"உங்களிடம் உள்ள பழைய ஐந்து ரூபாய்க்கு ஐந்து லட்சம்" என்று ஆரம்பிப்பார். அப்புறம் கமிஷன், வரி, பதிவுக் கட்டணம் என்று நம்மிடம் கேட்பார். ரிசர்வ் வங்கியின் பெயரையே இதற்கு உபயோகித்தார்கள். தாங்கள் அப்படிக் கட்டணம் எதுவும் கேட்பதில்லை, யாருக்கும் அந்த அதிகாரம் கொடுக்கவும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிக்கையே விட வேண்டியிருந்தது. இன்னொன்று: பணம் நம் கணக்குக்கு வர நாம் பின் நம்பர் போட வேண்டியதே இல்லை. யாராவது போடச் சொன்னால் அது வியாபாரம் இல்லை, திருட்டு.

இந்த ஐந்தில் கடைசி ஆள் திருடன். மூன்றாவது ஆளும் அதே ஜாதகம்தான். மற்றவர்கள்? யோசித்துப் பாருங்கள். பணம் கொடுப்பவருக்குப் பொருள் தெரியாது. கையில் எடுத்துப் பார்க்க முடியாது, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க முடியாது. நான் எழுதினதையும் நான் எடுத்த படத்தையும் நம்பி, முகம் தெரியாத ஒருவனுக்குக் காசு அனுப்புகிறார். ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து எழுதின கட்டுரையை இரண்டாம் வருஷத்தில் நமக்கு நடத்தினார்கள், நினைவிருக்கிறதா? (கடைசி பெஞ்ச்காரர்களுக்கு: 2001-ல் அவருக்கு நோபல் கிடைத்தது.) விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாவிட்டால் சந்தேகம் சந்தை முழுக்கப் பரவும், நல்ல பொருளுக்கும் நல்ல விலை கிடைக்காது என்பதுதான் சாரம். ஆக, பத்துக் கேள்வி கேட்கிற வாடிக்கையாளர் வில்லங்கம் பிடித்தவர் இல்லை. அவர் இருக்கிற இடம் அப்படி.

அந்த நம்பிக்கைக்கு விலை கூட உண்டு. 2006-ல் வெளியான ஒரு ஆய்வில், ஈபேயில் நல்ல பெயர் எடுத்த ஒரு விற்பனையாளர், பழைய படத் தபால் அட்டைகளைத் தன் பெயரிலும் புதுப் பெயர்களிலும் விற்றுப் பார்த்தார். அதே தரம், அதே மாதிரிப் படங்கள். பழைய பெயருக்குச் சுமார் 8 சதவீதம் கூடுதலாகக் கிடைத்தது. அந்த எட்டுதான் நாணயத்தின் விலை. (காசு நாணயம் இல்லை, மற்ற நாணயம்!)

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

1948 ஆகஸ்ட் 15-ல் சுதந்திரத்தின் முதல் ஆண்டு நிறைவுக்குக் காந்தி தபால்தலைகள் நான்கு வந்தன. ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய். சுவிட்சர்லாந்தில் அச்சடித்தவை. பத்து ரூபாய்த் தலை பெரியப்பாவிடம் இல்லை. பன்னிரண்டணா இருந்தது. பின்பக்கம் பசை பளபளவென்று இருந்தது. "முத்திரை இல்லாதது, ஒட்டுக்காகிதம் படாதது, பசை ஒரிஜினல்" என்று எழுதி ஏலத்தில் போட்டேன். நல்ல விலைக்குப் போயிற்று. எடுத்தவர் தெற்கத்திப் பக்கம், ஓய்வு பெற்ற வாத்தியார்.

ஒரு வாரத்தில் அவரிடமிருந்து செய்தி. "தம்பி, தபால்தலை அசல்தான். பசை அசல் இல்லை. பிற்பாடு யாரோ தடவியிருக்கிறார்கள். திருப்பி அனுப்பட்டுமா?"

எனக்குச் சுருக்கென்றது. பெரியப்பாவையே திருடன் என்று சொன்ன மாதிரி இருந்தது. அந்தப் பணத்தை ஃபீஸில் கட்டியும் ஆகிவிட்டது. "முப்பது வருஷம் சேர்த்தவருக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரிந்துவிட்டதா?" என்று எழுதினேன். அதோடு விடவில்லை. சேகரிப்பாளர்கள் பலர் படிக்கிற இடத்தில் அவர் பெயரைப் போட்டு, "வாங்கிவிட்டு வம்பு செய்கிறவர், ஜாக்கிரதை" என்று எழுதினேன். நாலைந்து விற்பனையாளர்கள் "தகவலுக்கு நன்றி, நானும் தடை செய்துவிட்டேன்" என்றார்கள். அன்றைக்கு ஜெயித்த மாதிரி இருந்தது.

இரண்டு மாசம் கழித்து, எங்கள் ஊர் தபால்தலை சேகரிப்பாளர்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு அதே ஆல்பத்திலிருந்து வேறு சில தலைகளைக் கொண்டுபோனேன். அங்கே ஒரு பெரியவர் ஒன்றை எடுத்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, ஓரத்துப் பற்களை விரல் நுனியால் லேசாகத் தொட்டார். "பல்லெல்லாம் விறைப்பாக இருக்கு பாரு. அச்சான தாளைத் துளை போட்டுக் கிழிக்கும்போது பல் நுனியில் காகித நார் பஞ்சு மாதிரி மெத்தென்று நிற்கும். அப்புறமாகப் பசை தடவினால் அது நுனி வரைக்கும் ஓடி நாரைக் கெட்டியாக்கிவிடும். இது மறுபசை" என்றார். அந்தக் காலத்தில் வியாபாரிகள் ஒட்டுக்காகிதத் தழும்பை மறைக்க இப்படிச் செய்வது உண்டாம். பெரியப்பா ஏமாற்றவில்லை, ஏமாந்திருக்கிறார். நான் அதை அடுத்தவர் தலையில் கட்டியிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் வாத்தியாருக்குப் போன் செய்தேன். மன்னிப்புக் கேட்டேன். இரண்டு தவணையாகப் பணத்தைத் தருகிறேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. "காசு மெதுவா வரட்டும் தம்பி. என்னைப் பத்தி எழுதினியே, அதை எடுத்துட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

எடுத்துவிட்டேன். தப்பு என்னுடையது என்று அதே இடத்தில் எழுதவும் செய்தேன். ஆனால் முதலில் எழுதினதைப் படித்த எல்லாரும் இரண்டாவதைப் படிக்கவில்லை. அவரைத் தடை செய்தவர்களில் இரண்டு பேர் இன்னும் எடுக்கவில்லை. அவர் தேடிக்கொண்டிருக்கிற தலைகள் அவர்களிடம்தான் ஏலத்துக்கு வருகின்றன.

அதனால்தான் ஒரு விஷயத்தில் என் கட்சி மாறிவிட்டது. ஈபேயில் ஆரம்பத்தில் வாங்குபவரும் விற்பவரும் ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டார்கள். வாங்கியவர் குறை எழுதினால் விற்றவர் பதிலுக்கு அவருக்கும் குறை எழுதுவார். அதற்குப் பயந்தே பலர் வாயைத் திறக்கவில்லை. 2008 மே மாதத்திலிருந்து விற்பவர் வாங்குபவருக்கு எதிர்மறை மதிப்பெண் போட முடியாது என்று ஆக்கினார்கள். அந்த மாற்றம் வரப்போகிறது என்று தெரிந்த உடனேயே, பிப்ரவரியில், விற்பனையாளர்கள் ஒரு வாரம் புறக்கணிப்பே நடத்திப் பார்த்தார்கள். "எங்கள் கையைக் கட்டிவிட்டார்கள்" என்பது அவர்கள் வாதம். போன வருஷம் கேட்டிருந்தால் நானும் அவர்கள் பக்கம்தான். அவர்கள் வாதத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. பணம் கொடுக்காமல் ஓடுகிறவரும் மாற்றி அனுப்புகிறவரும் நிஜமாகவே இருக்கிறார்கள்.

ஆனால் அவர்களைச் சமாளிக்க நமக்கு வேறு வழிகள் இருக்கின்றன. பணம் வந்தபின் அனுப்பலாம். ஸ்கேன் வைத்துக்கொள்ளலாம். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்தலாம். ஒத்துவராத ஆளை நம் ஏலத்திலிருந்து மட்டும் சத்தமில்லாமல் தடை செய்யலாம். ஊரறியப் பெயர் போடுவது எதற்கு? பொருளைப் பற்றித் தெரிந்தவன் விற்பவன், பணத்தை வாங்கி வைத்திருப்பவனும் விற்பவன். தீர்ப்பு எழுதும் பேனாவும் அவன் கையிலேயே இருந்தால், பாதிக்கப்பட்டவர் எங்கே போய் நிற்பார்?

இப்போது நான் எழுதும் விவரங்கள் நீளமாகிவிட்டன. "பசை பற்றி எனக்கு உறுதியாகத் தெரியாது, பின்பக்கப் படம் பார்த்து முடிவு செய்யவும், 15 நாளில் திருப்பலாம்" என்றே எழுதுகிறேன். விலை கொஞ்சம் குறைவாகத்தான் போகிறது. தகராறு ஒன்றுகூட வரவில்லை.

வாத்தியாருக்கு இரண்டாவது தவணையும் அனுப்பியாயிற்று. அந்தப் பன்னிரண்டணா இப்போது என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. அதை மட்டும் விற்பதாக இல்லை.

பி.கு: பழைய ஆல்பம் வைத்திருக்கிற வகுப்புத் தோழர்கள் விற்கும் முன் என்னிடம் ஒருமுறை காட்டுங்கள். இலவசமாகவே பல் பார்த்துச் சொல்கிறேன். :-)