சீமெந்துப் புகையைக் கடலுக்கடியில் புதைக்கலாம், ஆனால் நுரைச்சோலைக்கு அது சாட்டாகக் கூடாது



2025 நவம்பரில் டித்வா புயலால் கண்டி மாவட்டம் பட்ட பாட்டை இங்கு யாருக்கும் விளக்கத் தேவையில்லை. நாட்டிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது நமது மாவட்டம்தான். கம்பளைக் கடைத்தெருவில் மகாவலி புகுந்ததை நாமெல்லாம் பார்த்தோம். மண் சரிந்த இடங்களில் இருந்தவர்களுக்கு இனி வேறு இடத்தில் வீடு வேண்டும். வீடென்றால் சீமெந்து. அதில் மாற்றுப் பேச்சு இல்லை.

அந்த 50 கிலோ மூடை ஒன்றைச் செய்து முடிக்கும்போது ஏறத்தாழ 30 முதல் 40 கிலோ காபனீரொட்சைட்டு காற்றில் கலக்கிறது. உலகம் முழுவதும் மனிதர் வெளியிடும் காபனீரொட்சைட்டில் 7, 8 வீதம் சீமெந்தால் வருவது. மழையும் புயலும் இப்படி மூர்க்கமாவதற்குக் காரணமான அதே வாயுவை, புயல் இடித்த வீட்டைக் கட்டுவதற்காக மறுபடியும் வெளியேற்றுகிறோம்.

"சூளைக்கு நிலக்கரியை விட்டுவிட்டு வேறு எரிபொருள் போடலாமே" என்று சிலர் கேட்பார்கள். போடலாம், ஆனால் பிரச்சினை பாதிதான் தீரும். சாதாரண தர விஞ்ஞானம் படித்த பிள்ளைகளுக்கு இது தெரியும். சுண்ணாம்புக்கல் என்பது கல்சியம் காபனேற்று. 100 கிராமைச் சூடாக்கினால் 56 கிராம் சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிராம் காபனீரொட்சைட்டாகப் பறந்துவிடும். சூரிய சக்தியால் சூடாக்கினாலும் அந்த 44 கிராம் போகத்தான் செய்யும், ஏனென்றால் அது கல்லுக்குள்ளேயே இருப்பது. நமது திகனப் பக்கத்துச் சுண்ணாம்புச் சூளையிலும் இதே கணக்குத்தான். சீமெந்துத் தொழிற்சாலை வெளியிடும் காபனீரொட்சைட்டில் பாதிக்கு மேல் இப்படிக் கல்லிலிருந்து வருவது.

ஆகவே சீமெந்துக்கு வேறு வழி குறைவு. புகைபோக்கியிலேயே வாயுவைப் பிடித்து எங்காவது அடைத்துவைக்க வேண்டும். நோர்வேயில் பிரெவிக் என்ற ஊரின் சீமெந்துத் தொழிற்சாலை 2025இல் இதைத் தொடங்கியிருக்கிறது. புகையை ஓர் இரசாயனக் கரைசலுக்குள் விட்டால் அது காபனீரொட்சைட்டைப் பிடித்துக்கொள்கிறது. பிறகு கரைசலைச் சூடாக்கி வாயுவைப் பிரித்து, குளிர்வித்துத் திரவமாக்கிக் கப்பலில் ஏற்றுகிறார்கள். மேற்குக் கரையில் இறக்கி, சுமார் 100 கிலோமீற்றர் குழாய் வழியாகக் கடலுக்குள் கொண்டுபோய், கடற்படுகைக்குக் கீழே 2,600 மீற்றர் ஆழத்தில் செலுத்துகிறார்கள். அங்கே பெரிய குகையோ தொட்டியோ இல்லை. மணற்கல்லின் நுண்ணிய துளைகளுக்குள் வாயு போய் நிற்கிறது, மேலேயுள்ள களிப்பாறை மூடிபோல் தடுக்கிறது. வருடத்துக்கு 4 இலட்சம் தொன் பிடிப்பதே நோக்கம். அந்த ஆலை வெளியிடுவதில் அது பாதி.

இது வெறும் கற்பனை அல்ல என்பதற்கு ஸ்லைப்னர் எரிவாயு வயல் சாட்சி. அங்கே 1996 முதல் கடலடியில் காபனீரொட்சைட்டைப் புதைத்து வருகிறார்கள். அது நல்லெண்ணத்தால் மட்டும் நடந்ததல்ல என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். 1991இல் நோர்வே அரசு கடல் எண்ணெய், எரிவாயு உற்பத்திக்குக் காபன் வரி விதித்தது. காற்றில் விட்டால் வரி, புதைத்தால் வரி இல்லை. கம்பனி கணக்குப் பார்த்துப் புதைத்தது. நமது நாட்டிலும் 2019இல் காபன் வரி என்று ஒன்று வந்தது. சாதாரண மனிதனின் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும்! அதுவும் நீடிக்கவில்லை.

நமது கருத்து இதுதான். இந்தத் தொழில்நுட்பம் சீமெந்து போன்ற வேறு வழியில்லாத தொழில்களுக்கு உரியது. நுரைச்சோலைக்கு உரியதல்ல. 900 மெகாவாற்று நிலக்கரி மின்நிலையத்துக்கு மாற்று இருக்கிறது. பக்கத்திலேயே கல்பிட்டியில் காற்றாலைகள் சுற்றுகின்றன, வெயிலுக்கும் நாட்டில் குறைவில்லை. கனடாவில் பவுண்டரி டாம் நிலக்கரி நிலையத்தில் 2014 முதல் காபன் பிடித்துப் பார்த்தார்கள். 90 வீதம் பிடிப்போம் என்றார்கள், அந்த அளவைத் தொடர்ந்து எட்ட முடியவில்லை. பிடிப்பதற்கே நிலையத்தின் மின்சாரத்தில் கணிசமான பங்கு செலவானது. நமது மின்கட்டணம் இருக்கும் நிலையில் அதை யார் தாங்குவது? "காபனைப் பிடித்துவிடுவோம், நிலக்கரியைத் தொடர்வோம்" என்று நாளை யாராவது அழகான படங்களோடு வந்தால், அதை நம்பிக் கைதட்டக் கூடாது. காபனைப் பிடித்தாலும் சாம்பலும் நிலக்கரித் தூசும் நுரைச்சோலை மக்களின் வீட்டுக்குத்தான் வரும்.

புத்தளத்தைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். சுண்ணாம்புக்கல்லிலிருந்து கிளிங்கர் சுடும் நாட்டின் ஒரே தொழிற்சாலை அங்கே. நிலக்கரி மின்நிலையம் அங்கே. கொழும்புக் குப்பைக்கும் அதே மாவட்டத்தின் அருவக்காலுவைத்தான் தெரிவு செய்தார்கள். மக்கள் மாதக்கணக்கில் வீதியில் நின்றும் கேட்கப்படவில்லை. கண்டியில் இருக்கும் நமக்குப் புத்தளத்தில் உறவுகளும் திருமண சம்பந்தங்களும் நிறைய. மின்விளக்கும் சீமெந்தும் நமக்கு, தூசும் குப்பையும் அவர்களுக்கு என்று நாம் பேசாமல் இருந்தால் அது நியாயமா?

மன்னார் கடலில் 2011இல் எரிவாயு கண்டுபிடிக்கப்பட்டது. இன்னும் எடுக்கப்படவில்லை. அதை எடுக்கும் நாள் வந்தால் புதைக்கும் பேச்சும் கூடவே வரும் என்றே எதிர்பார்க்கிறோம். அதைக் கண்ணை மூடிக்கொண்டு எதிர்க்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. மன்னார், கல்பிட்டி மீனவர்களிடம் முதலில் கேளுங்கள் என்கிறோம். 2025இல் மன்னார்த் தீவு மக்கள் காற்றாலைகளையே எதிர்த்து வீதிக்கு வந்தார்கள். காற்றாலை நல்லது என்பது அவர்களுக்கும் தெரியும். தங்களைக் கேட்காமல் செய்ததுதான் கோபம்.

அடுத்தது காவல். புதைத்த வாயுவைப் பல பத்தாண்டுகள் கண்காணிக்க வேண்டும். கம்பனி உரிமத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனால் பொறுப்பு யாருடையது? எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தது 2021இல். நட்டஈடு பற்றிய உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது 2025இல். கண்ணுக்குத் தெரியும் கப்பலுக்கே இந்த இழுபறி. நோர்வேயில் திட்டச் செலவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை அரசே ஏற்றது, அவர்களிடம் எண்ணெய்ப் பணம் இருக்கிறது. கடன் தவணைக்கே திண்டாடும் நாம் அந்தச் செலவை மக்கள் தலையில் கட்டக் கூடாது. காபனை வெளியிடுகிறவரே கட்ட வேண்டும் என்று முதலில் சட்டம் வரட்டும்.

இதற்கெல்லாம் காலம் எடுக்கும். அதுவரை நம் கையில் இருப்பது சீமெந்தை அளந்து பாவிப்பது. நிலக்கரிச் சாம்பல் கலந்த சீமெந்து கடைகளில் கிடைக்கிறது, அதில் கிளிங்கர் குறைவு. எந்த வேலைக்கு அது பொருந்தும் என்று மேசனிடம் மட்டுமல்ல, ஒரு பொறியியலாளரிடமும் கேளுங்கள். முற்றம் முழுவதும் கொங்கிரீட் போடும் பழக்கத்தை நமது ஊர்களில் கொஞ்சம் நிறுத்தினால் மழைநீருக்கும் நிலத்துக்குள் இறங்க ஓர் இடம் கிடைக்கும். நிவாரண வீடுகளுக்குப் பணம் சேர்க்கும் பள்ளி நிர்வாகங்களும் சங்கங்களும் வீட்டுப் படம் வரையும்போதே இதைப் பேசிக்கொள்ளலாம்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். புத்தளம், மன்னார் உறவுகள் எழுதினால் இன்னும் நல்லது.