ஒரு படம் பளிச்... அடுத்த படம் இருட்டு!

கெட்டிமேளம் முழங்குகிறது. மாப்பிள்ளை தாலியை மணப்பெண்ணின் கழுத்தருகே கொண்டுபோகிறார். போட்டோகிராஃபர் பத்து நொடிக்குள் ஆறு படங்கள் எடுத்துவிடுகிறார். பிறகு கேமராத் திரையில் பார்த்தால், முதல் படம் சரியாக இருக்கிறது. இரண்டாவதில் முகங்கள் இருண்டிருக்கின்றன. மூன்றாவது பரவாயில்லை. நான்காவதில் மணப்பெண்ணின் நெற்றியும் கன்னமும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருக்கின்றன. கேமராவில் அவர் எதையும் மாற்றவில்லை, நின்ற இடமும் மாறவில்லை. ஆனால், மூன்றாவது முடிச்சை இன்னொரு முறை போடச் சொல்ல முடியாதே!

இப்படி நேர்ந்தால் பலரும் ஃபிளாஷைத்தான் திட்டுவார்கள். அதை விற்றுவிட்டு, விலை அதிகமான இன்னொன்றை வாங்குபவர்களும் உண்டு. புதியதிலும் அதே தொல்லை தொடரும். ஏனென்றால், பல நேரங்களில் ஃபிளாஷில் பழுதே இருக்காது. பணத்தைச் செலவழிக்கும் முன், குற்றவாளி யார் என்று கண்டுபிடித்துவிடுவது நல்லது.

வீட்டிலேயே ஒரு சோதனை

இரவில் ஓர் அறையில் சுவருக்கு எதிரே கேமராவை ஸ்டூல் மீது அசையாமல் வையுங்கள். கேமராவை மேனுவலுக்கு மாற்றி, ஷட்டர் 1/125, அப்பர்ச்சர் எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. 400 என்று வையுங்கள். ஆட்டோ ஐ.எஸ்.ஓ. இயங்கினால் நிறுத்திவிடுங்கள். படத்துக்குப் படம் வெளிச்சம் மாறுவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். ஃபிளாஷையும் மேனுவலில் போட்டு, 1/8 சக்தியில் வையுங்கள். படம் மிகவும் வெளுத்தால் அப்பர்ச்சரை மட்டும் குறையுங்கள். இப்போது ஐந்து நொடிக்கு ஒன்றாகப் பத்துப் படங்கள் எடுங்கள்.

பத்தும் ஒன்றுபோல் வந்தால் ஃபிளாஷ் நலமாக இருக்கிறது; கோளாறு கேமராவின் தானியங்கிக் கணக்கில். பத்தும் தாறுமாறாக வந்தால் பேட்டரி, இணைப்பு, ஃபிளாஷ் இவற்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். அடுத்து, முழு சக்தியில் வைத்து இடைவெளி விடாமல் எடுத்துப் பாருங்கள். போகப்போகப் படம் இருண்டால், ஃபிளாஷுக்கு மூச்சு வாங்குகிறது என்று பொருள்.

கேமரா எங்கே ஏமாறுகிறது?

ஃபிலிம் காலத்தில், படம் பதிவாகும்போதே ஃபிலிமில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கேமரா அளந்து, போதும் என்றதும் ஃபிளாஷை நிறுத்திவிடும். டிஜிட்டல் சென்சார் ஃபிலிம் மாதிரி ஒளியைத் திருப்பி அனுப்புவதில்லை. அதனால் இன்றைய டி.டி.எல். முறையில், படம் பதிவாவதற்கு ஒரு கணம் முன்பு சிறிதாக ஒரு மின்னல் அடிக்கிறது. அது பட்டுத் திரும்புவதை வைத்து, உண்மையான மின்னல் எவ்வளவு வேண்டும் என்று கேமரா முடிவு செய்கிறது.

இங்கேதான் சிக்கல். எதிரே இருப்பது சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே கேமரா நினைத்துக்கொள்ளும். வெள்ளைப் பட்டு வேட்டி படம் முழுக்க நிறைந்தால், வெளிச்சம் அதிகம் என்று ஃபிளாஷைக் குறைத்துவிடும், முகம் இருளும். ரிசப்ஷனில் கறுப்பு கோட் நிறைந்தால், வெளிச்சம் போதாது என்று கூட்டிவிடும், முகம் வெளுக்கும். பளபளக்கும் குத்துவிளக்கு, வெள்ளித் தட்டு, பின்னால் இருக்கும் கண்ணாடி, குறுக்கே வரும் ஹோமப் புகை எல்லாமே கேமராவை ஏமாற்றும். நின்ற இடம் மாறாவிட்டாலும், கேமரா ஒரு சாண் திரும்பினால் கணக்கு மாறிவிடும்.

இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. வெள்ளை மிகுந்த காட்சிக்கு ஃபிளாஷ் காம்பன்சேஷனை +2/3 முதல் +1 வரை கூட்டலாம். கறுப்பு மிகுந்தால் அதே அளவு குறைக்கலாம். அல்லது, முகத்தை அளந்து பூட்டிவைக்கலாம். கேனனில் இதை எஃப்.ஈ. லாக் என்றும், நிக்கானில் எஃப்.வி. லாக் என்றும் சொல்வார்கள். மூன்றாவது வழி, ஃபிளாஷை மேனுவலில் போடுவது.

மணமேடைக்கு ஏற்றது இந்த மூன்றாவது வழிதான். அங்கே மணமக்களும் நகர மாட்டார்கள், போட்டோகிராஃபரும் ஒரே இடத்தில் நிற்பார். ஆனால், தூரம் மாறக் கூடாது. நேராக அடிக்கும் ஃபிளாஷில் 2 மீட்டரிலிருந்து 4 மீட்டருக்குப் போனால் வெளிச்சம் பாதியாகாது, கால் பங்காகிவிடும். அதனால் மணமேடையில் மேனுவல். பந்தியிலும் வரவேற்பிலும் நடந்துகொண்டே எடுக்கும்போது டி.டி.எல்.

ஃபிளாஷுக்கும் ஓய்வு வேண்டும்

ஒவ்வொரு மின்னலுக்கும் தேவையான மின்சாரத்தை ஃபிளாஷ் தனக்குள் சேர்த்துவைக்க வேண்டும். முழு சக்தியில் அடித்தால், மறுபடி நிரம்பச் சில நொடிகள் ஆகும். அதற்குள் பட்டனை அழுத்தினால் பாதி வெளிச்சம்தான் வரும், அல்லது வரவே வராது. சில ஃபிளாஷ்களில் முழுதாக நிரம்பும் முன்பே தயார் விளக்கு எரிந்துவிடுவதும் உண்டு.

உயரமான மண்டபக் கூரையில் ஒளியைத் திருப்பிவிட்டு, ஐ.எஸ்.ஓ.வையும் 200-ல் வைத்திருந்தால் ஒவ்வொரு முறையும் ஃபிளாஷ் முழு பலத்தையும் கொட்ட வேண்டியிருக்கும். அதே ஐ.எஸ்.ஓ.வை 800 ஆக்கினால் கால் பங்கு சக்தியே போதும். ஃபிளாஷும் சீக்கிரம் தயாராகும், அதிகமாகச் சூடாகாது. சாதாரண ஆல்கலைன் பேட்டரியைவிட, ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரிகள் ஃபிளாஷை வேகமாக நிரப்பும். நான்கும் ஒரே கம்பெனி, ஒரே வயது, ஒன்றாகச் சார்ஜ் செய்தவையாக இருக்கட்டும். ஒன்று சோர்ந்தாலும் மற்ற மூன்றும் தடுமாறும்.

கேமராவின் தலையில் ஃபிளாஷைச் செருகும் இடத்தையும் பாருங்கள். வியர்வையும் தூசியும் படிந்தால் இணைப்பு விட்டுவிட்டு வரும். ஃபிளாஷை அணைத்துக் கழற்றி, உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, கடைசி வரை தள்ளிப் பூட்ட வேண்டும்.

வெளியிலிருந்து வரும் தொல்லைகள்

பின்னணி மட்டும் மாறி மாறி வந்தால் ஃபிளாஷ் காரணம் அல்ல. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், சில அலங்கார எல்.ஈ.டி. விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். ஷட்டரை 1/100 அல்லது 1/50-ல் வைத்தால் சரியாகும். படத்தின் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழுந்தால், ஷட்டர் வேகம் கேமராவின் ஃபிளாஷ் வரம்பைத் தாண்டியிருக்கிறது. பல கேமராக்களில் அந்த வரம்பு 1/200 அல்லது 1/250. இரண்டாவது ஃபிளாஷை ஒளி பார்த்து எரியும் ஸ்லேவ் முறையில் வைத்திருந்தால், முதல் ஃபிளாஷ் டி.டி.எல்.லில் இருக்கக் கூடாது. முன் மின்னலைப் பார்த்தே ஸ்லேவ் எரிந்து, படம் பதிவாகும்போது சும்மா இருக்கும்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் இரவே பேட்டரிகளைச் சார்ஜில் போட்டு, ஒரு செட் கூடுதலாகப் பையில் வைத்துவிடுங்கள். மறுநாள் மணமக்கள் மனையில் உட்கார்ந்ததும் ஒரே இடத்தில் நின்று, ஒரே அளவில் ஐந்து படங்கள் எடுத்துப் பாருங்கள். ஐந்தும் ஒன்றுபோல் வந்தால், அதற்குப் பிறகு எந்த பட்டனையும் தொட வேண்டாம். கண் மாப்பிள்ளையின் கையில் இருந்தால் போதும்.