கிணறு கழுவிய மறுநாள் எடுத்த தண்ணீர்

பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து சென்ற ஆண்டு ஒரு சகோதரி எனக்கு எழுதியிருந்தார். "அக்கா, எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு வருகிறது. கிணற்றுத் தண்ணீர் மேல் சந்தேகப்பட்டு, எல்லோரும் காசு போட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். கிருமி இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நல்ல கிணற்றைக் குறை சொன்னேன் என்று மாமியார் இப்போது என்னைத் திட்டுகிறார். நான் என்ன செய்யட்டும்?"

தண்ணீரை எப்படி எடுத்தீர்கள் என்று கேட்டு எழுதினேன். பதில் வந்தது. சோதனைக்கு எடுக்கப் போகிறோம் என்றதும், முதல் நாளே ஆண்கள் கிணற்றை இறைத்து, பாசியைத் தேய்த்து, குளோரின் தூளும் போட்டிருக்கிறார்கள். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் வீட்டைக் கழுவி வைப்போமே, அந்த மாதிரி! ஆய்வுக்கூடம் பொய் சொல்லவில்லை. போத்தலில் இருந்த தண்ணீரைத்தான் அது பார்த்தது. பிள்ளைகள் குடித்து வந்த தண்ணீர் அந்தப் போத்தலில் இல்லை.

இன்னொன்றும் செய்திருக்கிறார். ஆய்வுக்கூடம் கொடுத்த போத்தலின் அடியில் ஏதோ வெள்ளைத் தூள் இருக்கிறதே என்று மூன்று முறை அலசி ஊற்றிவிட்டார். நம் பெண்களின் சுத்தம் இந்த இடத்தில் மட்டும் ஆகாது. அந்தத் தூளின் பெயர் சோடியம் தயோசல்பேட். தண்ணீரில் குளோரின் இருந்தால் அதை உடனே முறிப்பதற்காகப் போட்டது. தூளை ஊற்றிவிட்டால், போகிற வழியெல்லாம் குளோரின் போத்தலுக்குள்ளேயே கிருமியைக் கொன்றுகொண்டிருக்கும். ஆய்வுக்கூடம் போய்ச் சேரும்போது தண்ணீர் சுத்தமாகிவிட்டிருக்கும்!

தங்கச்சிக்கு நான் எழுதியதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். குழாய்த் தண்ணீர் இருந்தாலும் கிணற்றையோ மலைத் தண்ணீரையோ புழங்கும் வீடுகள் நம்மில் இன்னும் உண்டு.

கிருமிச் சோதனைக்கு ஆய்வுக்கூடம் தரும் போத்தல்தான் வேண்டும். மினரல் வாட்டர் போத்தல், கோர்டியல் போத்தல் எதுவும் உதவாது. குளோரின் போட்ட கிணறானால் வாசனை முற்றிலும் போய், ஒரு வாரம் பத்து நாள் வழக்கம்போல் புழங்கிய பிறகே எடுக்க வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். மூடியைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்திருங்கள். போத்தலின் வாயில் விரல் படக்கூடாது. கழுத்துவரை நிரப்பாமல் மேலே இரண்டு விரற்கடை இடம் விடுங்கள். குழாயில் எடுப்பதானால், வாயில் கட்டியிருக்கும் துணியை அவிழ்த்துவிட்டு, இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும். பழைய குழாயில் ஈயம் கலக்கிறதா என்று பார்ப்பதானால் கதை நேர்மாறு. இரவெல்லாம் திறக்காமல் வைத்து, விடியற்காலையில் வரும் முதல் தண்ணீரைத்தான் பிடிக்க வேண்டும். எதைத் தேடுகிறோம் என்பது முதலில் தெரிந்தால்தான் எப்படி எடுப்பது என்பது தெரியும்.

எடுத்ததும் ஐஸ் பெட்டியில் வைத்து, வெயில் படாமல் கொண்டு போங்கள். உறைய விடக் கூடாது. ஆறு மணி நேரத்துக்குள் சேர்ப்பது நல்லது. ஒரு நாளைத் தாண்டினால் பயனில்லை. வார விடுமுறைக்கு முந்தின நாள் மாலையில் எடுத்தால் காசுதான் வீண். நானே ஒருமுறை காரின் பின்பெட்டியில் மறந்து வைத்துவிட்டு, மறுநாள் நீட்டித் திட்டு வாங்கியிருக்கிறேன்.

புல் மருந்து பற்றியும் சிலர் கேட்கிறார்கள். பாராகுவாட் நம் நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் அது களிமண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பல ஆண்டு கிடக்கும். அதனால் தண்ணீரைவிட மண்ணில்தான் அதைத் தேட வேண்டும். தண்ணீரில் பார்ப்பதானாலும் கண்ணாடிப் போத்தல் கூடாது. பாராகுவாட் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். வேறு பல பூச்சி மருந்துகளுக்கோ பழுப்புக் கண்ணாடிப் போத்தல்தான் கேட்பார்கள். ஆகவே மருந்தின் பெயரைச் சொல்லிப் போத்தலைக் கேட்டு வாங்குங்கள்.

மண் எடுப்பதில் நம்மவர் செய்யும் தவறு, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்துவிடுவது. கீரைப்பாத்தி முழுவதும் எப்படி என்று பார்க்க, வளைந்து வளைந்து நடந்து பதினைந்து இருபது இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்குள் எடுத்துக் கலக்கலாம். ஆனால் பழைய மருந்து ஸ்டோர் இருந்த மூலையில் சந்தேகம் என்றால், அந்த மண்ணைத் தனிப் பையில் போடுங்கள். நல்ல மண்ணோடு கலந்தால் கெட்டது மறைந்துபோகும். தள்ளியிருக்கும் சுத்தமான இடத்திலிருந்தும் ஒரு பை எடுத்தால்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். உலோகம் பார்ப்பதானால் தகர வாளி வேண்டாம், அதன் துத்தநாகம் மண்ணில் ஏறிவிடும். உரச் சாக்கு எதற்குமே வேண்டாம்.

இடம், தேதி, நேரம், முந்தின நாள் மழை பெய்ததா என்பதையெல்லாம் போத்தலின் உடம்பில் எழுதுங்கள். மூடியில் எழுதினால் மூடி மாறும். பேனா மை ஐஸ் தண்ணீரில் கரையும், பென்சில் கரையாது.

தங்கச்சி சொன்னபடி செய்தார். ஒரு பெருமழைக்கு மறுநாள் ஒன்றும், வெயில் நாளில் ஒன்றுமாக இரண்டு தடவை எடுத்தார். குடிநீர் 100 மில்லிலிட்டரில் ஈகோலி என்ற கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. வெயில் நாள் தண்ணீரில் இல்லை. மழை நாள் தண்ணீரில் இருந்தது. தேடிப் பார்த்ததில், கிணற்றுக்கு மேட்டுப் பக்கம் இருந்த கக்கூசுத் தொட்டி வெடித்திருந்ததாம்.

தொட்டியை அடைக்கும்வரை கொதி வந்தபின் ஒரு நிமிடம் விட்டு இறக்கிய தண்ணீரையே குடிக்கச் சொல்லியிருக்கிறேன். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். மருந்தும் ஈயமும் போகாது. மாமியார் இப்போது பேரப்பிள்ளைகளுக்குத் தாமே கெட்டில் வைக்கிறார் என்று போன மாதம் எழுதியிருந்தார்.