அமர்ந்திருக்கும் பெண்

கேமரன் மலையின் ரிங்லெட் என்றதும் நம் நினைவுக்கு வருவது, முதுகில் கூடையுடன் நின்று கொழுந்து பறிக்கும் பெண்ணின் படமே. அவர் அமர்ந்திருக்கும் காட்சியை வரைந்தோர் மிகச் சிலரே. அக்குறையை மைக்கோட்டோவியம் தீர்க்கலாம்.

தமிழகத்தின் நவீன ஓவியர் கே. எம். ஆதிமூலம் (1938–2008), 1969இல் வந்த காந்தி நூற்றாண்டையொட்டி, காந்தியடிகளைக் கறுப்புக் கோடுகளால் பல படங்களாக வரைந்தார். வண்ணமின்றியே ஒரு மனிதரின் உறுதியைக் காட்ட முடியும் என்பதற்கு அவை சான்று.

வண்ணப் படத்தில் மலையின் பசுமையே கண்ணை ஈர்க்கும். பெண் அதில் சிறு புள்ளியாகிவிடுவார். மைக்கோடோ வளைந்த முதுகையும் மடியில் ஓய்ந்த விரல்களையும் முன்னிறுத்தும். மேலும், மையால் இட்ட கோட்டை எளிதில் அழிக்க இயலாது. ஆகவே, வரைபவர் முதலில் அவரை உற்றுநோக்கியே ஆக வேண்டும்.

அமர்ந்திருப்பதைச் சோம்பல் எனச் சிலர் கருதலாம். விடியல் முதல் சரிவில் ஏறி இறங்கிய கால்களுக்கு ஓய்வு உரிமையாகும். இன்று பல தோட்டங்களில் இயந்திரங்கள் கொழுந்து வெட்டுகின்றன. கையால் பறித்த தலைமுறை முதுமையடைந்துவிட்டது. ஆகவே, மாணவர்கள் இன்றே தம் பாட்டியின் எதிரே அமர்ந்து பேனாவை எடுப்பது நன்று.