எந்த ஏஜென்சி நீங்க?

ஆஸ்பத்திரி பில்லிங் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவர்களின் கழுத்தை யாரும் பார்ப்பதில்லை. என் டேக்கின் கயிறு நீலம். பக்கத்து நாற்காலிப் பெண்ணுடையது பச்சை. ஓ.பி. சீட்டு, டிஸ்சார்ஜ் பில், இன்ஷூரன்ஸ் பேப்பர், எதற்கும் எங்களுக்குள் பாகப்பிரிவினை கிடையாது. எந்த கவுன்ட்டரில் வரிசை குறைவோ அங்கே வந்து நிற்பார்கள். அட்வான்ஸ் கட்டியது பில்லில் ஏறவில்லை என்றால் இருவருக்கும் ஒரே மாதிரிதான் திட்டு விழும். அவளுக்கு இந்த வேலையைக் கற்றுக்கொடுத்ததே நான்தான். சம்பளம் போடும் அன்றைக்கு மட்டும் நீலத்துக்கு ஒரு கணக்கு, பச்சைக்கு ஒரு கணக்கு.

"சம்பளத்தை ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கக் கூடாது" என்று இரண்டு ஏஜென்சிக்காரர்களும் வேலைக்குச் சேரும்போதே சொல்லிவிடுகிறார்கள். ஏன் என்பது அவள் சீட்டைப் பார்த்த அன்றைக்குத்தான் விளங்கியது. பி.எஃப். கணக்கில் பெயர் தப்பாக விழுந்திருக்கிறது, பாருங்கக்கா என்று அவளேதான் கொண்டுவந்து நீட்டினாள். அவளுக்கு 15,000. பி.எஃப். 1,800, இ.எஸ்.ஐ. 113 போக, கையில் 13,087. எனக்கு 14,000. பி.எஃப். 1,680, இ.எஸ்.ஐ. 105. அதோடு நிற்கவில்லை. அதற்குக் கீழே இன்னொரு 1,680. அதற்கும் கீழே யூனிபார்ம் என்று 300. கையில் வருவது 10,235. எழுதிய சம்பளத்தில் ஆயிரம் ரூபாய் வித்தியாசம், வீட்டுக்குக் கொண்டுபோவதில் 2,852 ரூபாய் வித்தியாசம்.

அந்த இரண்டாவது 1,680 என்ன தெரியுமா? என் பி.எஃப்.-க்கு முதலாளி போட வேண்டிய 12 சதவீதம். அதையும் என்னிடமே பிடித்து, என் பெயரிலேயே முதலாளி பங்கு என்று கட்டுகிறார்கள். முதலாளி பங்கைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று பி.எஃப். திட்டத்தில் அச்சடித்தே இருக்கிறது. சூப்பர்வைசரிடம் கேட்டால், "அது சி.டி.சி.ம்மா" என்கிறார். சி.டி.சி., அதாவது ஓர் ஆளுக்குக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு என்று சொல்லிவிட்டால் எந்தப் பிடித்தமும் நியாயமாகிவிடுகிறது.

சரி, ஆஸ்பத்திரியிலாவது கேட்போம் என்று எச்.ஆர். அறைக்குப் போனால், "நீங்க எங்க ரோல்லயே இல்லையேம்மா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். லீவு எடுக்க அவர்களிடம்தான் சொல்ல வேண்டும், நைட் ஷிஃப்ட் போடுவது அவர்கள்தான், கேஷ் குறைந்தால் மெமோ கொடுப்பதும் அவர்கள்தான். சம்பளம் என்று வாயெடுத்தால் மட்டும் நான் யாரோ. ஏஜென்சியில், ஆஸ்பத்திரி கொடுக்கிற ரேட்டே அவ்வளவுதான் என்கிறார்கள். ஆஸ்பத்திரியோ, ஏஜென்சி என்ன கொடுக்கிறது என்பது எங்களுக்குத் தெரியாது என்கிறது. எனக்கு இவ்வளவு, அவளுக்கு அவ்வளவு என்று உட்கார்ந்து முடிவு செய்த மனிதர் ஒருவராவது இருந்தால் அவர் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை கேட்கலாம். அப்படி ஒருவரே கிடையாது. எங்கள் கான்ட்ராக்ட் பழைய பில்டிங்குக்கு எடுத்தது, பச்சைக் கயிற்றுக்காரர்களுடையது புது பிளாக் திறந்தபோது எடுத்தது. இரண்டு டெண்டர், இரண்டு தேதி. காரணம் அவ்வளவுதான். என் அனுபவமும் அவள் படிப்பும் அதில் எங்கேயும் வரவில்லை.

தொழிற்சங்க வேலை பார்த்தே தலை நரைத்த பெரியப்பா ஒருவர் எனக்கு உண்டு. அவரிடம் சொன்னால், 1970-ஆம் வருட ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கம்பெனியின் சொந்த ஆள் செய்கிற வேலையையே கான்ட்ராக்ட் ஆளும் செய்தால் அதே சம்பளம் தர வேண்டும் என்பது, அடுத்த வருடம் வந்த மத்திய விதிகளில் கான்ட்ராக்டரின் லைசென்ஸ் நிபந்தனையாகவே இருந்ததாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் கவுன்ட்டரில் சொந்த ஆள் யார் இருக்கிறார்கள்? கடைசியாக இருந்த கேஷியர் சாரும் ரிட்டையராகிப் போய்விட்டார். அளந்து பார்க்க ஒரு நிரந்தர ஊழியரைக்கூட மிச்சம் வைக்காவிட்டால் எதோடு சமம் என்று கேட்பது? நீலத்தையும் பச்சையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லி அந்த விதியில் ஒரு வார்த்தை இல்லை. 2016-ல் பஞ்சாப் வழக்கில் சம வேலைக்குச் சம ஊதியம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது பெரிய தீர்ப்புதான். ஆனால் அது அரசே நேரடியாக வைத்துக்கொண்ட தற்காலிக ஊழியர்களுக்கு. ஆண், பெண் என்று பேதம் பார்த்தால் கேட்க 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. நாங்கள் இருவருமே பெண்களாகப் போய்விட்டோம்!

அந்த 1970 சட்டமும் இப்போது தனியாக இல்லை. 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. முன்பு 20 ஒப்பந்தத் தொழிலாளர் இருந்தாலே கட்டுப்படுத்திய சட்டம், இனி 50 பேர் இருந்தால்தான் எட்டிப் பார்க்கும். பெரியப்பாவுக்கு அதில் எங்களைவிட வருத்தம்.

எங்கள் ஆஸ்பத்திரி மட்டும் என்ன விதிவிலக்கா? ஒரகடத்தில் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தம்பியும் இதே கதைதான் சொல்கிறான். ஒரே லைனில் நிற்பவர்களுக்குள் நாலைந்து கான்ட்ராக்டர். முதலில் விசாரிப்பது பெயரை இல்லையாம், "எந்த ஏஜென்சி நீங்க?" என்பதுதானாம். 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் ராப்பகலாக உட்கார்ந்ததும் இதைச் சுற்றித்தான். அதே தெரு, அதே குப்பை. தனியார் கான்ட்ராக்டுக்குக் கைமாற்றிவிட்டால் சம்பளம் இறங்கிவிடும் என்றார்கள். கிட்டத்தட்ட இரண்டு வாரம் உட்கார்ந்திருந்தவர்களை ஒரே ராத்திரியில் அப்புறப்படுத்திவிட்டார்கள்.

இதில் இன்னொரு கூத்து. என் டேக்கில் ஏஜென்சி பெயர் மாறிக்கொண்டே வந்திருக்கிறது, நாற்காலி மாறவில்லை. ஒவ்வொரு பெயர் மாற்றத்துக்கும் புது அப்பாயின்ட்மென்ட், புது சேர்ந்த தேதி. கிராஜுவிட்டி என்றால் ஒரே முதலாளியிடம் ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும் என்கிறார்கள். காகிதத்தில் எனக்கு ஐந்து வருடம் ஆகவே ஆகாது. நான் வேலை கற்றுக்கொடுத்த பெண்ணும் நானும் ஏட்டில் கிட்டத்தட்ட ஒரே வயது.

அவள் மேல் எனக்குக் கோபமில்லை என்று சொன்னால் பாதி உண்மை. டீ வாங்கும்போது "இருக்கட்டும்க்கா, நான் தர்றேன்" என்று முந்திக்கொண்டு காசு நீட்டுவாள். பாசத்தில்தான் செய்கிறாள். எனக்கு மட்டும் அந்த 2,852 ஞாபகத்துக்கு வந்து தொலைக்கிறது.

போன வாரம் சூப்பர்வைசர் வந்திருந்தார். இரண்டு கான்ட்ராக்டையும் ஒன்றாக்கப் போகிறார்களாம். "இனிமே உங்க பிரச்சினையே இல்லம்மா. எல்லாருக்கும் ஒரே ரேட்டு" என்று சிரித்தார். பக்கத்தில் பில் அடித்துக்கொண்டிருந்தவளின் கை நின்றது. "எந்த ரேட்டு சார்? அவங்களுதா, என்னுதா?" என்று கேட்டது அவள்தான், நானில்லை.

"டெண்டர்ல யாரு கம்மியா போடுறாங்களோ, அவங்க ரேட்டும்மா."