வீடு அல்ல, துணி!

1999-ம் ஆண்டு மார்ச் மாதம்.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலம். அங்கே ஒரு முகாம் இடத்தில் ஒரு பெரிய கூடாரம் நின்றது. ஜிப் இழுத்து மூடப்பட்டு இருந்தது. பிற்பகலில் அதைத் திறந்து பார்த்தார்கள். உள்ளே ஒரு பெரியவரும் 3 குழந்தைகளும் இறந்து கிடந்தார்கள்.

பக்கத்தில் ஒரு காஸ் அடுப்பு. அது இன்னும் எரிந்துகொண்டு இருந்தது. குளிர் காய்வதற்காக அதை உள்ளே கொண்டுவந்து இருக்கிறார்கள் என்று தெரிந்தது.

அந்தக் கூடாரம் சிறியது அல்ல. 14 அடி நீளம். 10 அடி அகலம். உள்ளே 2 அறைகள்!

"இவ்வளவு பெரிய இடம். ஒரு சின்ன அடுப்பு என்ன செய்துவிடும்?" யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. கூடாரம் பெரிதாகப் பெரிதாக, "இது வீடு" என்ற எண்ணம் மனதில் குடியேறிவிடுகிறது.

கூடாரம் வீடு அல்ல. அது துணி.

இதை நினைவில் வைத்து வாங்குகிறவர் நல்ல கூடாரம் வாங்குவார். மறந்து வாங்குகிறவர் பணத்தை இழப்பார், தூக்கத்தை இழப்பார். சில வேளை உயிரையும் இழப்பார்.

காரில் ஏறிய குடும்பம்

விடுமுறை வந்தால் காரில் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு காட்டுக்கும் மலைக்கும் போவது அமெரிக்கர்களின் வழக்கம். காருக்குப் பக்கத்திலேயே கூடாரம் அடிப்பார்கள். சமைப்பார்கள், சாப்பிடுவார்கள், நட்சத்திரம் பார்ப்பார்கள். இரண்டு நாள் கழித்து வீடு திரும்புவார்கள்.

இது காரோடு பிறந்த வழக்கம். கலிபோர்னியாவில் உள்ள யோசெமிட்டி மலைப் பூங்காவுக்குள் 1913-ம் ஆண்டில் கார்களை அனுமதித்தார்கள். அதன் பிறகு ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடு இல்லாமல் குடும்பங்கள் காரில் புறப்பட்டன.

அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் இப்போது அப்படிப் போகின்றன. ஊரில் இருந்து பெற்றோர் வந்து இருந்தால் அவர்களையும் அழைத்துப் போகிறார்கள். முதல் தடவை போகிறவர்கள் முதலில் நுழைவது கூடாரக் கடைக்குத்தான்.

"என்னங்க, இதில் 6 பேர் என்று போட்டு இருக்கிறது. மாமா, அத்தையைச் சேர்த்தால் நாம் 6 பேர்தானே?" என்பாள் மனைவி.

"ஆமாம். கணக்கு சரியாக இருக்கிறது" என்று பணத்தை எடுத்து நீட்டுவார் கணவர்.

கணக்கு சரியில்லை!

எப்படிச் சரியில்லை?

"6 பேர் கூடாரம்" என்று விற்கப்படுவது பெரும்பாலும் 10 அடிக்கு 9 அடி இருக்கும். 10 அடி என்றால் 120 அங்குலம். அதை 6 பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 20 அங்குலம்! ஒரு முழத்துக்குச் சற்று அதிகம். அதில்தான் ஒரு ஆள் படுக்க வேண்டும்.

புரண்டு படுத்தால் பக்கத்தில் இருப்பவர் விழித்துக்கொள்வார். குழந்தை நடு இரவில் எழுந்தால் 6 பேரும் எழுந்து உட்கார வேண்டியதுதான்.

காற்று அடைத்த மெத்தை போடுகிறவர்களின் கணக்கு இன்னும் வேறு. இருவர் படுக்கும் மெத்தை 5 அடி அகலம். 6 அடி 8 அங்குலம் நீளம். அப்படி இரண்டு மெத்தைகளைப் போட்டால் 10 அடி அகலம் முடிந்தது. கால்மாட்டில் 2 அடி 4 அங்குலம் மிஞ்சும். பெட்டியும் செருப்பும் அங்கே இருக்க வேண்டும். ஆக, 6 பேர் கூடாரத்தில் 4 பேர்தான் நிம்மதியாகப் படுக்கலாம்.

வியாபாரிகள் பொய் சொல்லவில்லை. எத்தனை பேரைப் படுக்க வைக்க முடியும் என்று கணக்குப் போடுகிறார்கள். எத்தனை பேர் தூங்க முடியும் என்று வாங்குகிறவர்தான் கணக்குப் போட வேண்டும்.

வழி எளிது. குடும்பத்தில் எத்தனை பேரோ, அதற்கு மேல் 2 பேரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 4 பேருக்கு 6 பேர் கூடாரம். 6 பேருக்கு 8 பேர் கூடாரம். கடைக்குப் போகும் முன்பு, வீட்டுக் கூடத்தில் சாக்கட்டியால் கோடு போட்டு, அதற்குள் எல்லோரும் படுத்துப் பார்ப்பது இன்னும் நல்லது. அதற்குக் காசு செலவு இல்லை!

அதற்காக 12 பேர் கூடாரமா?

"எதற்கு வம்பு? இருப்பதிலேயே பெரியதை வாங்கிவிடலாம்" என்று சிலர் நினைப்பார்கள். அதுவும் தவறு.

முதலாவது, இடம். யோசெமிட்டியில் ஒரு குடும்ப முகாம் இடத்தில் 6 பேருக்கு மேல் தங்கக் கூடாது. குழந்தைகளும் கணக்கில் சேர்த்தி. முகாம் இடம் என்பது மைதானம் அல்ல. சாப்பாட்டு மேஜை, தீ மூட்டும் வளையம், கார் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மரமும் பாறையும் இல்லாத சமதரை கொஞ்சம்தான் இருக்கும். 12 பேர் கூடாரத்தை அங்கே விரிக்க முடியாமல் தவிக்க நேரிடும்.

இரண்டாவது, காற்று. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அது தள்ளும் பலம் இரண்டு மடங்கு ஆவது இல்லை. நான்கு மடங்கு ஆகிறது! அகலமான, உயரமான துணிச் சுவர் அந்தப் பலத்தை எல்லாம் வாங்கிக்கொள்ளும். கப்பலுக்குப் பாய் எப்படியோ, காற்றுக்குப் பெரிய கூடாரம் அப்படி.

ஆறு பேருக்கு மேற்பட்ட குடும்பம் ஒரே கூடாரத்தில் அடைந்து கிடக்க வேண்டியது இல்லை. இரண்டு கூடாரம் வாங்கலாம். ஒன்றில் பெற்றோரும் சிறு குழந்தைகளும். மற்றொன்றில் பெரியவர்கள். ஒன்று ஒழுகினால் மற்றொன்று கை கொடுக்கும். குறட்டை விடுகிறவரால் எல்லோருக்கும் தூக்கம் கெடாது!

நிற்பதா? குனிவதா?

கூடாரங்களில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, அறை போன்றது. சுவர் நேராக நிற்கும். உள்ளே ஆள் நிமிர்ந்து நடக்கலாம். மற்றொன்று, கவிழ்த்த கிண்ணம் போன்றது. சுவர் சரிந்து இருக்கும். நடுவில் மட்டும்தான் நிற்கலாம்.

வயதானவர்கள் இருந்தால் உயரம் முக்கியம். "ஏண்டா தம்பி, இதுக்குள்ளே தவழ்ந்தா போகணும்?" என்று பாட்டி கேட்டுவிட்டால், விடுமுறையின் மகிழ்ச்சி அங்கேயே போய்விடும். நடுவில் 6 அடியாவது உயரம் வேண்டும். வாசல் இரண்டு இருந்தால் நல்லது. இரவில் வெளியே போகிறவர் மற்றவர்களை மிதித்துக்கொண்டு போக வேண்டியது இல்லை.

ஆனால் மலை உச்சியிலும், கடற்கரையிலும், வெட்டவெளியிலும் தங்குகிறவர்கள் கிண்ண ரகத்தையே வாங்க வேண்டும். காற்று அதன் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். மரங்கள் சூழ்ந்த இடத்துக்கு மட்டும் போகிறவர்கள் அறை ரகத்தை வாங்கலாம்.

கடைக்காரர் கொடுக்கும் முளைகள் பல நேரம் மெல்லிய கம்பியாக இருக்கும். கெட்டித் தரையில் வளைந்துவிடும். நல்ல முளைகளைத் தனியே வாங்கிக்கொள்ள வேண்டும். கயிறு கட்டுவதற்குச் சோம்பல் படக் கூடாது. கூடாரத்தை நிறுத்துவது கம்பு. ஆனால் காற்றில் காப்பாற்றுவது கயிறு.

இடி இடித்தால் கூடாரத்துக்குள் ஒளியக் கூடாது. துணி இடியைத் தடுக்காது. எல்லோரும் காருக்குள் போய்க் கதவையும் கண்ணாடியையும் மூடிக்கொள்ள வேண்டும். இரும்புக் கூரை உள்ள கார் பாதுகாப்பானது. காரில் போகிறவர்களுக்கு உள்ள பெரிய நன்மை அது.

மழை வந்தால்?

பெரிய கூடாரங்களில் பலவற்றுக்கு மேலே ஒரு சிறு தொப்பிதான் இருக்கும். கூரையை மட்டும் மறைக்கும். சாரல் அடித்தால் பக்கச் சுவர் நனையும். மேலுறை தரை வரை இறங்கி வருகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

அடித்துணி தொட்டி போல நான்கு பக்கமும் சில அங்குலம் எழும்பி இருக்க வேண்டும். தையல் ஓரங்களில் பட்டை ஒட்டி இருக்க வேண்டும். மழை நீர் முதலில் நுழைவது ஊசித் துவாரத்தில்தான்.

துணியின் சீட்டில் "1,500 மில்லிமீட்டர்" என்பது போல ஓர் எண் இருக்கும். அந்தத் துணியின் மேல் 1,500 மில்லிமீட்டர் உயரத்துக்கு, அதாவது சுமார் 5 அடி உயரத்துக்கு நீர் நின்ற பிறகுதான் கசியும் என்பது பொருள். எண் கூடக்கூடத் துணி நீரை அதிகம் தாங்கும்.

சிலர் கூடாரத்துக்கு அடியில் பெரிய தார்ப்பாயை விரிப்பார்கள். அது வெளியே நீட்டிக்கொண்டு இருந்தால் மழை நீர் முழுவதையும் பிடித்துக் கூடாரத்துக்கு அடியிலேயே கொண்டுபோய்ச் சேர்க்கும். தார்ப்பாய் கூடாரத்தை விடச் சிறியதாக இருக்க வேண்டும்.

மழையே இல்லாமல் காலையில் உள்பக்கம் நனைந்து இருந்தால் கூடாரத்தைத் திட்ட வேண்டாம். அது இரவு முழுவதும் விட்ட மூச்சு! குளிர்ந்த துணியில் பட்டு நீராகிறது. காற்று வழிகளைத் திறந்து வைத்துப் படுத்தால் குறையும்.

யார் கட்டுவது?

ஹென்றி போர்டு, எடிசன், டயர் முதலாளி பயர்ஸ்டோன் ஆகிய மூவரும் நண்பர்கள். 1910-களிலும் 1920-களிலும் அவர்கள் காரில் போய்க் கூடாரத்தில் தங்குவது வழக்கம். 1921-ல் ஜனாதிபதி ஹார்டிங்கும் அவர்களோடு வந்து தங்கினார். பெரிய சாப்பாட்டுக் கூடாரம். சுழலும் தட்டு வைத்த வட்ட மேஜை! எல்லாம் ராஜபோகம்தான்.

ஆனால் அவர்களுடன் சமையற்காரரும் வேலையாட்களும் லாரிகளும் சென்றன. சாதாரணக் குடும்பத்தில் கூடாரம் கட்ட இருப்பது யார்? கணவன், மனைவி. அதுவும் நாள் முழுவதும் கார் ஓட்டிய களைப்பு. பொழுது சாய்ந்து இருக்கும். குழந்தை பசிக்கு அழும்.

ஆகவே, இருவர் சேர்ந்து அரை மணி நேரத்துக்குள் கட்டக் கூடியதுதான் அந்தக் குடும்பத்துக்கு ஏற்ற கூடாரம். சிலவற்றில் கம்புகள் கூடாரத்தோடு இணைந்தே இருக்கும். குடை போல விரிக்கலாம். ஆனால் மடித்தாலும் சுமார் 4 அடி நீளம் இருக்கும். காரின் பின்பெட்டியில் அடங்குமா என்று அளந்து பார்க்க வேண்டும்.

வாங்கியதும் வீட்டிலேயே ஒரு முறை கட்டிப் பார்ப்பது அவசியம். குழாய் நீரை அதன் மேல் அடித்துப் பார்க்க வேண்டும். ஒழுகுவதாக இருந்தால் வீட்டு வாசலில் ஒழுகட்டும்!

நெருப்பு கூடாது

1944-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி அமெரிக்காவில் ஹார்ட்போர்டு நகரில் ஒரு சர்க்கஸ் கூடாரம் தீப்பிடித்தது. 160-க்கும் அதிகமானவர்கள் மாண்டார்கள். மழை நீர் இறங்காமல் இருக்க, மெழுகைப் பெட்ரோலில் கரைத்து அந்தத் துணியில் பூசி இருந்தார்கள்! பிற்காலத்தில் குடும்பக் கூடாரங்களுக்கும் தீப்பரிசோதனைகள் வந்தன. "எளிதில் பற்றாது" என்று சீட்டு ஒட்டுகிறார்கள். எளிதில் பற்றாது என்பது வேறு. எரியவே எரியாது என்பது வேறு.

தீயாவது கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத பகை ஒன்று இருக்கிறது. அதன் பெயர் கார்பன் மோனாக்சைடு. கரியும் காஸும் எரியும்போது உண்டாகும் நச்சு வாயு. நிறம் இல்லை. மணம் இல்லை. ரத்தத்தில் பிராண வாயு ஏற வேண்டிய இடத்தில் இது ஏறி உட்கார்ந்துகொள்ளும். தூங்குகிறவர் விழிப்பது இல்லை.

1999-ல் அதே மார்ச் மாதத்தில், அதே ஜார்ஜியாவில், இன்னொரு கூடாரத்தில் ஒரு தந்தையும் மகனும் இறந்து கிடந்தார்கள். அங்கே இருந்தது கரி அடுப்பு. வெளியே சமைத்து முடித்த பிறகு, குளிருக்காக உள்ளே எடுத்து வைத்த அடுப்பு. தணிந்த கரியும் கொல்லும் என்பது அந்தத் தந்தைக்குத் தெரியவில்லை.

ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று எண்ணக் கூடாது. பெரிய கூடாரம் ஆயிற்றே என்றும் எண்ணக் கூடாது. அடுப்பு, கரி, எண்ணெய் விளக்கு எதுவும் உள்ளே வரக் கூடாது. வெளிச்சத்துக்கு பாட்டரி விளக்கு. குளிருக்குக் கம்பளி, குல்லாய், தடித்த படுக்கைப் பை. கூடாரத்தில் மிச்சம் பிடித்த பணத்தைக் கம்பளியில் போடுகிறவர் புத்திசாலி.

இரவில் விளக்கை அணைத்த பிறகு, தூங்கும் குழந்தைக்கும் வானத்துக்கும் நடுவே இருப்பது ஒரு துணி. அந்தத் துணி மழையைத் தாங்க வேண்டும்; காற்றைத் தாங்க வேண்டும். மற்றவற்றை எல்லாம் தாங்க வேண்டியது பெற்றோரின் அறிவுதான்.

அந்த அறிவை எந்தக் கடையிலும் விற்பது இல்லை. அது வீட்டில் இருந்தே புறப்பட வேண்டும்.