கூத்து வாத்தியாரின் நோட்டும் இலக்கியம்தான்

பட்டப்படிப்பு முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் இந்த மாதங்களில் ஒரே பேச்சுதான்: லிஸ்ட் வந்துவிட்டதா? அரசுக் கலைக் கல்லூரிகளின் முதுகலைத் தரவரிசை ஒரு பக்கம். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான க்யூட் மதிப்பெண்ணும் அதை வைத்து வரும் சேர்க்கைப் பட்டியலும் இன்னொரு பக்கம். பண்ருட்டியில் இருக்கும் நானும் அப்படிக் காத்திருக்கிறேன். இளங்கலைத் தமிழ் முடித்துவிட்டு முதுகலைத் தமிழுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகம் படிக்கவும் விண்ணப்பித்திருக்கிறேன். இரண்டும் கிடைத்தால் எதில் சேர்வது என்பதுதான் எங்கள் வீட்டில் நடக்கிற வழக்கு. அது எங்கள் வீட்டோடு முடிகிற வழக்கு இல்லை என்பதால் எழுதுகிறேன்.

எதிர்த்தரப்பு என் தாய்மாமன். நெய்வேலியில் வேலை, டவுன்ஷிப்பில் குடியிருப்பு. ஆண்டுதோறும் நெய்வேலிப் புத்தகக் கண்காட்சிக்கு என்னைக் கூட்டிப் போய், பை நிறைய வாங்கிக் கொடுத்து, நாவல் வாசிக்கப் பழக்கியவர் அவர்தான். அதனால் அவர் சொல்வதை லேசாகத் தள்ளிவிட முடியாது.

“நாடகம் ஆடுறதும்மா, படிக்கிறது இல்ல. மேடையில பாத்தாதான் அது நாடகம். புத்தகத்துல இருக்கறது வெறும் குறிப்பு. நீ தமிழ்ல சேரு, இலக்கியம் படி. டி.ஆர்.பி. எழுதலாம், நெட் எழுதலாம்.”

“அப்ப மனோன்மணீயம், மாமா?”

“அது படிக்கறதுக்குன்னே எழுதினது. அதை யாரு ஆடுறாங்க, சொல்லு?”

அவர் சொன்னதில் பாதி சரி. திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்த சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட மனோன்மணீயத்தைப் படித்தவர்கள் அதிகம், மேடையில் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் பள்ளிக்கூடத்தில் காலை வணக்கத்துக்கு எழுந்து நின்று நாம் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்து அந்த நாடகத்தின் முகப்பில் இருக்கும் பாட்டுதான். ஒரு நாடகத்திலிருந்து எடுத்த பாட்டை மாநிலப் பாடலாக வைத்துக்கொண்டிருக்கும் நாம், நாடகம் இலக்கியமா என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மாமாவின் வாதத்தின் அடி என்னவென்றால், நிகழ்த்தினால்தான் உயிர் பெறுவது எழுத்தாகாது என்பது. இதற்குப் பதில் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. பண்ருட்டியை ஒட்டிக் கெடிலக் கரையில் இருக்கும் திருவதிகையில்தான் அப்பர் தம் முதல் பதிகத்தைப் பாடினார் என்கிறது பெரியபுராணம். பாடினார், எழுதி வைத்து வாசிக்கச் சொல்லவில்லை. பண்ணோடு ஓதும்போதுதான் தேவாரத்தின் முழு வடிவம் காதுக்குக் கிடைக்கும். இன்றும் வீரட்டானேசுவரர் கோயிலில் ஓதுவார் பாடக் கேட்பது ஒன்று, வகுப்பில் பதம் பிரித்துப் படிப்பது இன்னொன்று. ஆனாலும் தேவாரம் இசைதான், இலக்கியம் இல்லை என்று எந்தத் தமிழ்த் துறையும் சொன்னதில்லை. பக்தி இலக்கியம் என்று தனித் தாளாகவே படிக்கிறோம். பாட்டுக்குக் கொடுத்த இந்த இடத்தை நாடகத்துக்கு மட்டும் ஏன் மறுக்க வேண்டும்?

அதே திருவதிகையில் பல்லவ மன்னன் குணபரவீச்சரம் என்ற கோயிலை எடுத்தான் என்றும் பெரியபுராணம் சொல்கிறது. அவன் முதலாம் மகேந்திரவர்மன் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் முடிவு. அந்த மகேந்திரன் ஒரு நாடக ஆசிரியன். காஞ்சிபுரத்துத் தெருவில் நடக்கும் கதையாக ‘மத்தவிலாசப் பிரகசனம்’ என்ற நகைச்சுவை நாடகத்தை வடமொழியில் எழுதினான். ஏழாம் நூற்றாண்டில் எழுதிய அந்த நாடகம் இன்று நம் கையில் இருப்பதற்குக் காரணம் கேரளம். அங்கே அதைப் பிரதியெடுத்து வைத்திருந்தார்கள்; கூடியாட்டக் கலைஞர்கள் அதை ஆடியும் வந்தார்கள். 1917இல் கணபதி சாஸ்திரி திருவனந்தபுரத்தில் பதிப்பித்தார். ஏடும் ஆட்டமும் சேர்ந்துதான் அந்த நாடகத்தைக் காப்பாற்றின.

இனி, காப்பாற்றப்படாத ஒன்று. பண்ருட்டியிலிருந்து கடலூர் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் திருப்பாதிரிப்புலியூர். சோழர் காலத்தில் அந்த ஊரைப் பற்றி ‘பூம்புலியூர் நாடகம்’ என்று ஒன்று இயற்றப்பட்டதையும், அதற்காக நிலம் கொடுக்கப்பட்டதையும் அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. நிலம் கொடுத்த கணக்கு கல்லில் இருக்கிறது. நாடகத்தில் ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலிலும் இதே கதைதான். வைகாசித் திருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆட ஆண்டுக்கு 120 கலம் நெல் என்று கல்வெட்டு இருக்கிறது. நெல்லின் அளவு தெரிகிறது, நாடகம் தெரியவில்லை.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைப் படித்தவர்களுக்கு இந்த இழப்பு எவ்வளவு பெரியது என்று தெரியும். மேடை ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம்; வாயில் இரண்டு; திரை மூன்று வகை. இவ்வளவு துல்லியமாக அளவு சொல்லும் அளவுக்கு இங்கே அரங்கம் இருந்திருக்கிறது. அதற்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார் தம் காலத்துக்கு முன்பே மறைந்துபோன நாடக நூல்களைப் பெயர் சொல்லிக் குறிக்கிறார்: முறுவல், சயந்தம், குணநூல், செயிற்றியம். அளவு இருக்கிறது, பெயர்கள் இருக்கின்றன, நாடகங்கள் இல்லை. முத்தமிழ் என்று மூன்று விரலை நீட்டுகிறோம். மூன்றாவது விரலுக்குப் பழங்காலத்திலிருந்து காட்ட நமக்கு ஏடு இல்லை.

ஆடுவது தானே என்று விட்ட அலட்சியத்துக்கும் இதில் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த அலட்சியம் நமக்கு மட்டும் உரியது இல்லை. ஆக்ஸ்போர்டில் பெரிய நூலகம் அமைத்த தாமஸ் பாட்லி, அச்சான நாடகங்களை அங்கே வைக்க வேண்டாம் என்று 1612இல் தம் நூலகருக்குக் கடிதம் எழுதினார். அவருக்கு அவை கவைக்குதவாத புத்தகங்கள். 1623இல் ஷேக்ஸ்பியரின் 36 நாடகங்கள் ஒரே தொகுதியாக வந்தன. தொகுத்தவர்கள் அவரோடு நடித்த இரண்டு நடிகர்கள். அந்த 36இல் 18 அதற்கு முன் அச்சேறாதவை. மேக்பெத்தும் ஜூலியஸ் சீசரும் அவற்றில் அடக்கம். அந்த இரண்டு நடிகர்கள் மெனக்கெடாமல் இருந்திருந்தால் இன்று அவையும் வெறும் பெயர்களாகவே இருந்திருக்கலாம். அந்தத் தொகுதியில் ஒரு பிரதி பாட்லியின் நூலகத்துக்கும் வந்தது. பிறகு அதைக் கைவிட்டார்கள். 1906இல் அதே பிரதியைத் திரும்ப வாங்க 3,000 பவுண்டு திரட்ட வேண்டியிருந்தது.

விருது கொடுப்பவர்கள் இந்தக் கேள்வியை எப்போதோ தாண்டிவிட்டார்கள். பாரதிதாசனுக்கு அவர் மறைவுக்குப் பின் சாகித்ய அகாதமி விருது கிடைத்தது ‘பிசிராந்தையார்’ நாடகத்துக்கு. இந்திரா பார்த்தசாரதிக்கு 1999இல் சரஸ்வதி சம்மான் கிடைத்தது ‘இராமாநுஜர்’ நாடகத்துக்கு. 2023இல் இலக்கிய நோபல் பெற்ற நார்வேக்காரர் யூன் ஃபொஸ்ஸே நாடகங்களாலும் புகழ் பெற்றவர். இதையெல்லாம் சொன்னால் மாமா ஒத்துக்கொள்கிறார். “அதெல்லாம் பெரிய எழுத்தாளருங்கம்மா. ஊருல ஆடுற கூத்தை அதோட சேக்காதே” என்கிறார். உண்மையான சண்டை இங்கேதான் இருக்கிறது. அச்சுப் போட்ட நாடகத்தை இலக்கியம் என்று ஒப்புக்கொள்ள இன்று யாருக்கும் பெரிய தயக்கம் இல்லை. தெருக்கூத்தை ஒப்புக்கொள்ளத்தான் மனம் வரவில்லை.

என் அப்பாவைப் பெற்ற தாத்தா கூத்து வாத்தியார். எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும் நடக்கும். அவர் கையில் எப்போதும் இருந்தது ஒரு நீளக் கணக்கு நோட்டு. முந்திரி மண்டியில் வரவு செலவு எழுத வாங்கியது. அதில் கர்ண மோட்சத்தை முழுதாக எழுதி வைத்திருக்கிறார். திரை விருத்தம், தரு, வசனம் என்று தலைப்பிட்டு, ஒவ்வொரு பாட்டுக்கு மேலும் ராகமும் தாளமும் குறித்திருக்கிறார். கட்டியக்காரன் பேச வேண்டிய இடங்களில் பாதிப் பக்கம் வெற்றிடம். அந்தப் பேச்சு அன்றன்றைக்கு அந்தந்த ஊருக்கு ஏற்றபடி வர வேண்டியது. எழுதி வைத்தால் செத்துவிடும் என்று தெரிந்தே விட்டிருக்கிறார். மனைவி பொன்னுருவி கர்ணனைத் தடுக்கும் இடத்தில் சில பாட்டுகளுக்கு ஓரத்தில் சிவப்பு மையில் கோடு. பக்கத்தில் ‘விடிந்தால் விடு’ என்று சின்ன எழுத்தில் குறிப்பு. ஆட்டம் நீண்டு கிழக்கு வெளுக்கத் தொடங்கினால் எந்தப் பாட்டை விடலாம், எதை விடவே கூடாது என்று முன்கூட்டியே முடிவு செய்த பிரதி அது. கோடு போடாத பாட்டுகளை மட்டும் வரிசையாகப் படித்தாலும் கதை அறுபடாது, கர்ணனின் துயரம் குறையாது. எது உயிர், எது உடல் என்று தெரிந்து எழுதுவதுதான் இலக்கியத் திறன் என்றால், இந்த நோட்டில் இருப்பது அதுதான்.

மேடைதான் நாடகம் என்று சொல்கிறவர்களில் நான் மதிக்கிறவர்களும் உண்டு. 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமி நடிகனின் உடலுக்கும் குரலுக்கும் எவ்வளவு மதிப்புக் கொடுத்தார் என்பது அங்கே பயின்றவர்களைப் பார்த்தாலே தெரியும். புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்தை அவர் கொண்டாடியதும் அதனால்தான். ஆனால் அதே முத்துசாமி உட்கார்ந்து நாடகம் நாடகமாக எழுதி அச்சுக்கும் கொடுத்தார். ஆட்டத்தை நேசிப்பவர் எழுத்தைத் தாழ்த்த வேண்டியதில்லை என்பதற்கு அவரே சாட்சி.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றும் இல்லை. முதுகலைத் தமிழில் கடைசிப் பருவத்தில் திட்டக் கட்டுரை எழுதும் வழக்கம் பல கல்லூரிகளில் இருக்கிறது. ஏற்கெனவே பலர் எழுதிய தலைப்பையே மறுபடி எழுதிக் கொடுத்து மதிப்பெண் வாங்குவதும் நடக்கிறது. அதற்குப் பதிலாக ஒரு மாணவர் ஒரு கூத்துப் பிரதியைப் பதிப்பிக்கட்டும். நோட்டைக் கொடுக்கும் வாத்தியாரின் அனுமதியோடு பக்கம் பக்கமாகப் படம் எடுக்க வேண்டும். எழுத்துப் பெயர்க்க வேண்டும். அதே கூத்தை ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து பார்த்து, ஒலிப்பதிவு செய்து, நோட்டில் இல்லாமல் மேடையில் வந்தவற்றை அடிக்குறிப்பாகச் சேர்க்க வேண்டும். ரிச்சர்ட் பிராஸ்கா என்ற அமெரிக்க ஆய்வாளர் தெருக்கூத்தைப் பற்றி 1990இல் ஒரு முழு நூல் வெளியிட்டார். அவர் தமிழ் கற்றுக்கொண்டு இங்கே வர வேண்டியிருந்தது. எங்கள் பிள்ளைகளுக்குப் பத்து ரூபாய், இருபது ரூபாய் பஸ் டிக்கெட் போதும்.

கடலூர் பெரியார் கலைக் கல்லூரி, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் மூன்றுமே கூத்து ஆடும் ஊர்களிலிருந்து எட்டிவிடும் தூரத்தில் இருக்கின்றன. புதுச்சேரியில் நாடகத் துறை இயங்கும் பள்ளி சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரைத் தாங்கியது; 1922இல் அவர் உயிர் பிரிந்ததும் அதே ஊரில்தான். பழம் நூல்களை மின்னாக்கம் செய்யத் தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கிறது, ஓலைச்சுவடிகளைப் பேணப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் இருக்கிறது. நோட்டும் இருக்கிறது, படிக்க ஆளும் இருக்கிறது, வைக்க இடமும் இருக்கிறது. மூன்றையும் சேர்க்க ஒரு பாடத்திட்டக் குழுவின் தீர்மானம் போதும்.

வகுப்பறையிலும் ஒரு மாற்றம் வேண்டும். எனக்கு நாடகம் ஒரு தாளாக வந்தது. சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையை எந்த ஆண்டு தொடங்கினார் என்று மனப்பாடம் செய்தேன். 1891 என்று எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். அவருடைய நாடகம் ஒன்றிலிருந்து ஒரு காட்சியை இரண்டு பேர் எழுந்து நின்று வாய்விட்டுப் படித்தது இல்லை. சங்கப் பாடலை உரக்கப் படித்தால் புரிவதுபோல நாடகமும் உரக்கப் படித்தால்தான் புரியும். ஒரு பருவத்தில் ஒரு நாடகத்தையாவது மாணவர்கள் பங்கு பிரித்து முழுதாகப் படிக்க வேண்டும் என்று பாடத்திட்டத்தில் எழுத ஒரு வரி போதும்.

தாத்தாவின் நோட்டில் சில குறிப்புகள் எங்களுக்குப் புரிவதில்லை. அவர் இல்லை. அவருடன் ஆடிய ஒருவர் இன்னும் இருக்கிறார், எழுபது தாண்டியவர். போன வாரம் அந்த நோட்டை எடுத்துப்போய்க் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்தைப் பார்த்ததுமே அந்தந்த ராகத்தில் பாடிக் காட்டினார். அவர் பாடியது நோட்டில் இருந்ததைவிட இரண்டு அடி கூடுதல். அந்த இரண்டு அடியும் எங்கும் எழுதப்பட்டதில்லை. இப்படிப்பட்டவர்கள் ஊருக்கு ஒருவர், இருவர் என்று இருக்கிறார்கள். பூம்புலியூர் நாடகத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளும் வாய்ப்பு நமக்குக் கிடைக்கவில்லை. இந்த வாத்தியார்களிடம் உட்கார்ந்து கேட்கும் வாய்ப்பு இன்னும் இருக்கிறது. இந்தக் கல்வியாண்டில் முதுகலையில் சேரும் மாணவர்களிலிருந்தே நம் தமிழ்த் துறைகள் இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.